வலை சர்வரும் தரவுத்தளமும்: தொடக்கநிலையாளர் பழுதறியும் முறை

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில், குப்பத்திற்கு அண்மையில் அமைந்துள்ள மண்டலத் தலைமையிடம் குடுபல்லி ஆகும். சோலையார்பேட்டையினின்று பெங்களூருக்குச் செல்லும் இருப்புப்பாதை இவ்வூர் வழியே செல்கின்றது. மேற்கே கோலார் மாவட்டமும், சிறிது தொலைவில் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டமும் உள்ளன. இப்பகுதியில் ஆட்சிமொழி தெலுங்கு; எனினும் தமிழும் கன்னடமும் வீடுகளிலும் சந்தைகளிலும் வழங்குகின்றன. குப்பத்தில் 1997-ஆம் ஆண்டு திராவிடப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டமைக்கு இம்மும்மொழிச் சூழலும் ஒரு காரணம் எனலாம். இத்தகைய எல்லைப்புற ஊரில் ஒரு பள்ளியோ அலுவலகமோ பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கணிப்பொறியில் வைக்க முற்படுமாயின், வேறிடங்களில் எளிதில் தோன்றாத ஓர் இடர் அங்குத் தோன்றும். அதனைப் பின்னர் விரிவாகக் காணலாம்.

கணிப்பொறி இப்பகுதிக்குப் புதிதன்று. 2002-ஆம் ஆண்டில் ஹியூலட்-பேக்கர்ட் நிறுவனமும் ஆந்திரப் பிரதேச அரசும் இணைந்து, குப்பம் வட்டாரத்தில் 'ஐ-கம்யூனிட்டி' என்னும் திட்டத்தைத் தொடங்கின. பொதுத் தகவல் மையங்கள் திறக்கப்பட்டன. மகளிர் குழுவினர் சிலர் கதிரொளியால் இயங்கும் அச்சுக்கருவியையும் டிஜிட்டல் காமிராவையும் தோளிற் சுமந்து ஊர் ஊராகச் சென்று படமெடுத்துக் கொடுத்து வருவாய் ஈட்டினர். இத்திட்டம் சுமார் மூன்றாண்டுக் காலம் நடைபெற்றது. கருவிகளை ஊருக்குக் கொண்டுவருவதினும், அவை நின்றுவிட்ட நாளில் காரணம் அறிந்து சீர்ப்படுத்தும் பயிற்சி ஊரிலேயே இருத்தல் இன்றியமையாதது. பழுதறியும் அப்பயிற்சியின் தொடக்கப் பாடம் இங்கே கூறப்படுகின்றது.

ஓர் உயர்நிலைப் பள்ளியின் கணிப்பொறி அறையில் பத்துக் கணிப்பொறிகள் உள்ளன எனக் கொள்க. அவற்றுள் ஒன்றில் மாணவர் சேர்க்கைப் பதிவேடு அமைந்திருக்கிறது. ஏனைய ஒன்பதிலிருந்தும் உலாவியின் வாயிலாக ஆசிரியர் அதனைப் பார்க்கலாம், திருத்தலாம். இணையத் தொடர்பு இதற்குத் தேவையில்லை. பதிவேட்டைத் தாங்கும் அக்கணிப்பொறியில் மூன்று மென்பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பணிபுரிகின்றன. கேட்கப்படும் பக்கத்தை எடுத்துக் கொடுப்பது வலை சர்வர். பெயர்களையும் எண்களையும் அட்டவணைகளாக வைத்துக் காப்பது டேட்டாபேஸ் எனப்படும் தரவுத்தளம். இவ்விரண்டிற்கும் இடையே நின்று, தரவுத்தளத்தினின்று பெற்றதைப் பக்கமாகச் சமைத்துத் தருவது நிரல்மொழி.

பெரும்பாலான தொடக்கநிலை அமைப்புகளில் வலை சர்வராக அப்பாச்சியும், நிரல்மொழியாக பி.எச்.பி.யும், தரவுத்தளமாக மை எஸ்.கியூ.எல். அல்லது மரியா டி.பி.யும் காணப்படும். அப்பாச்சி, பி.எச்.பி., மை எஸ்.கியூ.எல். ஆகிய மூன்றும் 1995-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன என்பது வியப்பிற்குரிய ஒற்றுமை. மை எஸ்.கியூ.எல்.-ஐ உருவாக்கியோருள் ஒருவராகிய பின்லாந்து நாட்டு மைக்கேல் விடேனியஸ், தம் மகளின் பெயரையே அதற்குச் சூட்டினார். 'மை' என்பது தமிழர் எழுதும் மையன்று. 2009-இல் அதனினின்று பிரிந்து வளர்ந்த மரியா டி.பி.யும் அவருடைய மற்றொரு மகளின் பெயர் தாங்கியதே. இவை அனைத்தையும் ஒரே தொகுப்பாக விண்டோஸ் கணிப்பொறியில் நிறுவ உதவும் 'எக்ஸாம்ப்' என்னும் தொகுப்பில், பலகையில் மை எஸ்.கியூ.எல். என எழுதியிருப்பினும், 2015-க்குப் பின்னர் உள்ளிருப்பது மரியா டி.பி.யே. பிழைச் செய்தியில் எதிர்பாராத பெயரைக் கண்டு மயங்குவோர்க்கு இக்குறிப்புப் பயன்படும்.

பக்கம் திறக்கவில்லை என்றவுடன் அனைத்தையும் அழித்து மீண்டும் நிறுவுதல் தொடக்கநிலையாளர் பலரிடம் காணப்படும் வழக்கம். இதனினும் கேடு தரும் செயல் இத்துறையில் வேறில்லை. பழுதின் தடயம் அழிவதோடு, சிலவேளை பதிவேடும் அழிந்துபோகும். கிணற்றிலிருந்து வயலுக்கு நீர் வரவில்லையெனில் உழவர் கிணற்றைத் தூர்த்து வேறு கிணறு வெட்டுவதில்லை. மோட்டார் ஓடுகிறதா, குழாயின் வாயில் நீர் விழுகிறதா, வாய்க்கால் எங்கேனும் உடைந்துள்ளதா என ஒவ்வோர் இடமாகப் பார்த்துச் செல்வர். இங்கும் அவ்வாறே, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வினாவை மட்டும் எழுப்பி, அதற்கு விடை கண்ட பின்னரே அடுத்த வினாவிற்குச் செல்லுதல் வேண்டும். ஒரு மாற்றம் செய்து பயனில்லையாயின், அதனைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டே அடுத்த மாற்றத்தைச் செய்க. ஒரு நோட்டுப் புத்தகத்தில் செய்த மாற்றத்தையும் நேரத்தையும் எழுதி வருதல் நன்று.

முதல் வினா, வலை சர்வர் உயிருடன் உள்ளதா என்பது. சர்வர் உள்ள அதே கணிப்பொறியில் உலாவியைத் திறந்து, 'லோக்கல்ஹோஸ்ட்' என்றோ 127.0.0.1 என்றோ முகவரியிடுக. இம்முகவரி எக்கணிப்பொறியிலும் தன்னையே குறிக்கும். இங்கே தோன்றும் தோல்வி இருவகைப்படும். அவற்றை வேறுபடுத்தி அறிதல் பயிற்சியின் முதற்படி. இணைப்பு மறுக்கப்பட்டது என உடனே விடை வருமாயின், அக்கணிப்பொறியை அடைந்தாயிற்று, ஆனால் அவ்வாயிலில் எவரும் அமர்ந்திருக்கவில்லை என்பது பொருள், சர்வர் தொடங்கப்படவில்லை. நெடுநேரம் காத்திருந்து விடையே வராது போகுமாயின், தவறான முகவரியோ இடையில் நிற்கும் பாதுகாப்பு அரணோ செய்தியைத் தடுக்கிறது என்பது பொருள். இரண்டாம் வகை பெரும்பாலும் பிற கணிப்பொறிகளிலிருந்து முயலும்போது நேரும். சர்வர் கணிப்பொறியில் பக்கம் திறந்து, அடுத்த மேசையில் திறக்கவில்லையாயின், சர்வரைத் தொடவே வேண்டா. பயர்வால் எனப்படும் அரணையும், கணிப்பொறியின் வலை முகவரி நேற்றிருந்ததே இன்றும் உள்ளதா என்பதையும் மட்டும் நோக்குக. தானாக வழங்கப்படும் முகவரி, ரௌட்டரை நிறுத்தித் தொடங்கிய பின் மாறிவிடக்கூடும்.

சர்வர் தொடங்க மறுப்பதற்குப் பொதுவான காரணம், அதன் வாயிலில் வேறொரு மென்பொருள் முன்னரே அமர்ந்திருத்தல் ஆகும். போர்ட் எனப்படும் இவ்வாயில்களுக்கு எண்கள் உண்டு: வலை சர்வருக்கு 80, மறையாக்கம் செய்த தொடர்புக்கு 443, மை எஸ்.கியூ.எல்.-க்கு 3306. ஒரு வாயிலில் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளே அமரலாம். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட்டின் சொந்த வலை சர்வர் 80-ஆம் வாயிலைப் பிடித்திருத்தல் உண்டு. அதனை நிறுத்தலாம், அல்லது அப்பாச்சியை 8080-க்கு மாற்றி, முகவரியின் இறுதியில் அவ்வெண்ணையும் சேர்த்து அழைக்கலாம்.

சர்வர் எண்களால் விடையிறுக்குமாயின் அது நற்செய்தியே. 404 என்பது சர்வர் உள்ளது, கேட்ட பக்கம் அவ்விடத்தில் இல்லை என்பதாம். 403 என்பது கோப்பைக் கொடுக்க அனுமதியில்லை என்பதாம். 500 என்பது நிரல் உள்ளே முறிந்தது என்பதாம். 500-ஐக் கண்டு உலாவியையே வெறித்துப் பார்த்திருத்தல் வீண். காரணம் பிழைப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். எக்ஸாம்ப் தொகுப்பில் அப்பாச்சியின் கோப்புறையினுள்ளும், லினக்ஸில் 'வார்' என்னும் கோப்புறையின் 'லாக்' என்னும் உட்பிரிவிலும் அஃது உள்ளது. அதனை இறுதியிலிருந்து படிக்கத் தொடங்கி மேல்நோக்கிச் சென்று, கடைசியாகச் சர்வர் தொடங்கப்பட்ட பின் தோன்றிய முதற் பிழை வரியைக் கண்டுபிடித்தல் வேண்டும். அதன் கீழுள்ளவை பெரும்பாலும் அம்முதற் பிழையின் விளைவுகளே.

அடுத்து, ஒரே வரி கொண்ட எளிய பக்கம் ஒன்றை எழுதி வைத்து அதனை அழைக்க. அது தோன்றினால், இன்றைய தேதியைக் காட்டும் பி.எச்.பி. வரி ஒன்றை எழுதி அழைக்க. தேதிக்கு மாறாக எழுதிய நிரல் வரியே திரையில் தோன்றுமாயின் பி.எச்.பி. இயங்கவில்லை, அல்லது கோப்பைச் சர்வரின் வாயிலாகவன்றி நேரே இருமுறை சொடுக்கித் திறந்திருப்பர். இவ்விரண்டாவது தவறு மாணவரிடம் மிகுதி.

இவை சரியாயின், பழுது தரவுத்தளப் பக்கம் என்பது தெளிவு. அங்கும் பிழை எண்களே வழிகாட்டும். 2002 என்னும் எண் தரவுத்தளத்தை அடையவே இயலவில்லை என்பதைக் குறிக்கும், அது நின்றிருக்கலாம். 1045 என்பது அடைந்தாயிற்று, ஆனால் பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை என்பதாம். 1049 அப்பெயருடைய தரவுத்தளம் இல்லை என்றும், 1146 அப்பெயருடைய அட்டவணை இல்லை என்றும் கூறும். இவற்றுள் 1045 பலரை அலைக்கழிப்பது. கடவுச்சொல் சரியாகவே இருந்தும் இது வரலாம். ஏனெனில் மை எஸ்.கியூ.எல். ஒருவரை அவர் பெயரால் மட்டுமன்றி, எங்கிருந்து வருகிறார் என்பதாலும் அடையாளம் காண்கிறது. அதே கணிப்பொறியிலிருந்து வரும் 'ஆசிரியர்' ஒரு கணக்கு. பிற கணிப்பொறியிலிருந்து வரும் 'ஆசிரியர்' மற்றொரு கணக்கு. மேலும் உபுண்டு லினக்ஸில் 'ரூட்' என்னும் தலைமைக் கணக்கு கடவுச்சொல்லால் திறப்பதில்லை. கணிப்பொறியின் நிர்வாகியாக நுழைந்தவர்க்கே திறக்கும். பதிவேட்டு நிரலுக்குத் தலைமைக் கணக்கைக் கொடுக்காது, அப்பதிவேட்டிற்கு மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கைப் படைத்துக் கொடுப்பதே முறை. எக்ஸாம்ப் நிறுவியவுடன் தலைமைக் கணக்கிற்குக் கடவுச்சொல்லே இராது என்பதனையும், மாணவர் பிறந்தநாளும் பெற்றோர் விவரமும் அதனுள் இருக்கும் என்பதனையும் ஆசிரியர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

1146-இலும் ஒரு நுட்பம் உண்டு. விண்டோஸ், அட்டவணைப் பெயரின் ஆங்கிலப் பேரெழுத்திற்கும் சிற்றெழுத்திற்கும் வேற்றுமை பாராட்டுவதில்லை, லினக்ஸ் பாராட்டும். ஆகவே விண்டோஸில் பல மாதம் நன்கு ஓடிய பதிவேடு, லினக்ஸுக்கு மாற்றிய அன்றே அட்டவணை இல்லையென்று கூறும். பெயர்கள் யாவற்றையும் தொடக்கத்திலேயே சிற்றெழுத்தில் அமைத்தல் இதற்கு மருந்து.

இனி, குடுபல்லி போன்ற ஊர்க்கு உரிய இடர். பக்கம் திறக்கின்றது, எண்கள் யாவும் சரியாக உள்ளன, ஆனால் பெயர்கள் இருக்குமிடத்தில் வினாக்குறிகளோ புரியாத கோலங்களோ காணப்படுகின்றன. இவ்விரண்டும் ஒன்றெனக் கருதுவோர் பலர். உண்மையில் ஒன்று பெரும்பாலும் மீட்கத்தக்க நோய். மற்றொன்று மீட்க இயலாத இழப்பாக இருத்தல் கூடும்.

யூனிகோடு முறையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய எழுத்துகள் ஒவ்வொன்றிற்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணைக் கணிப்பொறியில் எழுதிவைக்கும் முறைகளுள் பெருவழக்காயிருப்பது, கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்த யு.டி.எஃப்-8 ஆகும். இம்முறையில் மேற்கூறிய மும்மொழிகளின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு இடம் கொள்ளும். 'குடுபல்லி' என்னும் சொல் கண்ணுக்கு ஐந்தெழுத்து. ஆயின் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் கணிப்பொறிக்கு ஒன்பது குறிகள். ஆகவே இருபத்தேழு பைட்டுகள். மேலை ஐரோப்பிய மொழிகளுக்கென வகுத்த 'லத்தீன்-1' என்னும் பழைய முறையிலோ ஓர் எழுத்திற்கு ஒரே பைட்டு. 2018-இல் 8.0 பதிப்பு வரும்வரை மை எஸ்.கியூ.எல்.-இன் இயல்பான முறை இந்த லத்தீன்-1 ஆகவே இருந்தது. பழைய பதிவேடுகள் பலவற்றில் நோயின் வேர் இதுவே.

யு.டி.எஃப்-8 முறையில் எழுதிய பைட்டுகளை லத்தீன்-1 எனக் கருதிப் படித்தால் கோலங்கள் தோன்றும். அவற்றிலும் ஓர் ஒழுங்கு உண்டு. மும்மொழி எழுத்துகளுக்கும் முதற் பைட்டு ஒன்றேயாதலால், தலைமேல் சாய்கோடு தாங்கிய ஆங்கில 'ஏ' மீண்டும் மீண்டும் வரும். அதனை அடுத்து நிற்கும் குறி மொழியைக் காட்டிக்கொடுக்கும்: ® அல்லது ¯ வருமாயின் அங்கிருந்தது தமிழ், ° அல்லது ± வருமாயின் தெலுங்கு, ² அல்லது ³ வருமாயின் கன்னடம். இக்கோலத்தைக் கண்டவர் அஞ்ச வேண்டுவதில்லை. பைட்டுகள் அழியவில்லை, பெயர்ச்சீட்டு மட்டுமே தவறாக ஒட்டப்பட்டுள்ளது. அந்த நிரலை முதலில் எழுத்து முறையற்ற வெறும் பைட்டு வகைக்கு மாற்றி, பின்னர் யு.டி.எஃப்-8 எனப் பெயரிட்டால் பெயர்கள் மீளும். லத்தீன்-1 நிரலை இடைப்படியின்றி நேரே யு.டி.எஃப்-8 ஆக மாற்றும் கட்டளையை இடுதல் கூடாது; அது கோலத்தையே மெய்யெழுத்தாகக் கொண்டு மறுமுறை குறியேற்றிவிடும்.

வினாக்குறியோ வேறு. லத்தீன்-1 அட்டவணைக்குத் தமிழ்ச் சொல்லை முறைப்படி அனுப்பினால், தன்னிடம் இல்லாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு வினாக்குறியை அது எழுதிக்கொள்ளும். குடுபல்லி ஒன்பது வினாக்குறிகளாகும். அவ்வொன்பதிலிருந்து ஊர்ப்பெயரை எக்கருவியாலும் மீட்க இயலாது. ஆயினும் திரையில் வினாக்குறி தோன்றுவதெல்லாம் இழப்பன்று. அட்டவணையில் பெயர் நன்றாகவே இருக்க, இடையிலுள்ள இணைப்பு மட்டும் லத்தீன்-1 ஆக இருப்பினும் அவ்வாறே தோன்றும். இரண்டையும் பிரித்தறியத் தரவுத்தளத்தின் 'ஹெக்ஸ்' என்னும் கட்டளை உதவும். அது சேமித்துள்ள பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும். 3 என்னும் எண்ணும் 'எஃப்' என்னும் எழுத்துமாகிய இணை திரும்பத் திரும்ப வந்தால் சேமிக்கப்பட்டது வினாக்குறியே; பெயர்களைத் தாளிலுள்ள பதிவேட்டிலிருந்து மீண்டும் எழுதுதல் வேண்டும். நீண்ட வரிசையாக மும்மூன்று பைட்டுகள் வந்தால் பெயர் பத்திரமாக உள்ளது; இணைப்பைத் திருத்தினால் போதும். இச்சோதனையைச் செய்யும்வரை எவரும் அப்பதிவேட்டில் திருத்தம் செய்யாதிருத்தல் வேண்டும். வினாக்குறி தோன்றும் பக்கத்தை அப்படியே சேமித்தால், நல்ல பெயரின்மேல் வினாக்குறி எழுதப்பட்டுவிடும்.

தடுக்கும் வழி யாதெனில், பக்கம், இணைப்பு, அட்டவணை ஆகிய மூன்றிடத்தும் ஒரே முறையைக் கூறிவைத்தலே. தரவுத்தளத்திலும் இணைப்பிலும் 'யு.டி.எஃப்-8 எம்.பி.4' என்னும் நான்கு பைட்டு வகையைத் தேர்க. மை எஸ்.கியூ.எல்.-இல் வெறுமனே 'யு.டி.எஃப்-8' எனப்பட்டது மூன்று பைட்டு வரையே கொள்ளும் குறை வகை. இன்றைய தமிழ் எழுத்திற்கு அது போதுமெனினும், முந்திரி, காணி, மா முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்டபோது நான்கு பைட்டு கொள்ளும் பகுதியில் இடம்பெற்றன. பழைய நில ஆவணங்களைப் படியெடுக்கும் களப்பணியாளர் அக்குறிகளைக் குறை வகையில் எழுத முயன்றால், தரவுத்தளம் கண்டிப்பு முறையில் இருப்பின் 1366 என்னும் பிழையைக் கூறி மறுக்கும்; இல்லையேல் குறி வந்த இடத்திலேயே வரியைத் துண்டித்துச் சேமிக்கும். மறுப்பதே நன்மை. பிழைச் செய்தி தொல்லையெனக் கருதிக் கண்டிப்பு முறையை நீக்குவோர், அளவையின் பாதியை இழந்த ஆவணத்தைப் பெறுவர்.

மற்றொரு பெரும் பகை மின்தடை. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 1990-இல் டிம் பெர்னர்ஸ்-லீ இயக்கிய உலகின் முதல் வலை சர்வரின் மேலும், இதனை நிறுத்தாதீர் என்னும் கருத்துடைய சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஊர்ப்புறத்தில் சீட்டு ஒட்டி மின்தடையை நிறுத்த முடியாதாகையால், ஒரு யு.பி.எஸ். கருவி தேவை. திடீரென நின்ற தரவுத்தளம் மறுமுறை தொடங்கும்போது, தன் செயற்குறிப்பைப் படித்து, முடிந்த பணிகளை நிலைநிறுத்தி, முடியாதவற்றை நீக்கிக்கொள்ளும். இதற்குச் சிறிது காலம் ஆகலாம். பொறுமையின்றி இடையில் நிறுத்துதல் ஆகாது. தொடங்கவே இல்லையாயின் பிழைப் பதிவேட்டைப் படிப்பதற்கும் முன்னர், தரவுக் கோப்புறை முழுவதையும் வேறிடத்தில் படியெடுத்து வைக்க. 'ஐ.பி.டேட்டா' எனத் தொடங்கும் கோப்பை அழித்தால் சரியாகிவிடும் என்னும் அறிவுரை பலவிடத்தும் உலவுகின்றது. அழித்தபின் தரவுத்தளம் தொடங்குவது உண்மையே. அட்டவணைகளின் விவரம் அக்கோப்பில் இருப்பதால், தொடங்கிய தரவுத்தளத்தில் பழைய அட்டவணைகள் திறக்கமாட்டா. வட்டில் இடம் நிரம்பியிருத்தலும் தொடங்காமைக்குக் காரணமாதல் உண்டு. அதனை முதலில் பார்ப்பது எளிது.

வாரந்தோறும் 'மை எஸ்.கியூ.எல். டம்ப்' என்னும் கருவியால் காப்புப்படி எடுத்து, வேறு கணிப்பொறியிலும் ஒரு பென் டிரைவிலும் வைக்க வேண்டும். படி எடுத்ததோடு பணி முடிவதில்லை. திங்களுக்கு ஒருமுறை அதனை வேறொரு கணிப்பொறியில் புதிய தரவுத்தளமாக ஏற்றி, மாணவர் எண்ணிக்கை மூலத்தோடு ஒத்துள்ளதா எனவும், பட்டியலில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய ஒவ்வொன்றிலும் எழுதிய ஒரு பெயர் பிழையின்றித் தோன்றுகிறதா எனவும் நோக்கி, பார்த்த நாளையும் பார்த்தவர் கையொப்பத்தையும் நோட்டுப் புத்தகத்தில் இடுதல் வேண்டும்.